தந்தைக்கு மகன் பிணை



சென்ற ஆண்டு ஒரு நாட்காலையில் என் தந்தையாரை அழைத்துக்கொண்டு ஓர் அரசு அலுவலகத்துக்குச் சென்றிருந்தேன். அவருக்கு அப்பொழுது வயது 73. வெளுத்த வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை, கையில் ஒரு நெகிழிப் பை. பையினுள் அவர் வாழ்க்கை முழுவதும் காகிதமாய் இருந்தது. மேசைக்கு அப்பாலிருந்த எழுத்தர் மரியாதை தெரிந்தவர். பெரியவருக்கு நாற்காலி போடச் சொல்லிவிட்டு, "யாருக்கு விண்ணப்பம்?" என்று கேட்டார். நான் என் கடவுச்சீட்டை எடுத்து அவர் முன் வைத்தேன். "நான் இவருடைய மகன். இந்தியக் குடிமகன். என் தாய் தந்தையர் இந்நாட்டில் நிரந்தரமாக வாழும் உரிமை பெறுவதற்கு நான் பொறுப்பேற்று விண்ணப்பிக்க வந்திருக்கிறேன்" என்றேன். அவர் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். பிறகு, "தம்பி, தகப்பனாருக்காக மகன் விண்ணப்பிக்க இதில் கட்டமே இல்லையே!" என்றார்.

அந்தக் கட்டம் ஏன் இல்லை என்பதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

முதலில் நான் யார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கெழுதுகிறேன். 2004-ஆம் ஆண்டு, பதினெட்டு வயது நிரம்புமுன்பே, இவ்வூருக்கு வந்தவன். முதலில் கைமடி வேலை. அதாவது தையற்காரர் தைத்துத் தள்ளும் துணியை மடித்துக் கொடுக்கும் வேலை. பின்னர்ச் செக்கிங், அதன் பின்னர்க் கணக்கு. மாலையில் படித்துப் பட்டமும் பெற்றேன். திருப்பூரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். இங்கே சுவருக்குச் சுவர் 'ஆட்கள் தேவை' என்று பலகை தொங்கும். தேனியிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் வந்தவர்களும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களும் ஒரே மேசையில் அமர்ந்து தைப்பார்கள். 'ஓவர்லாக் ஓட்டத் தெரியுமா?' என்பதே இவ்வூர் கேட்கும் முதற் கேள்வி. 'நீ எந்த நாட்டவன்?' என்று என்னை இவ்வூர் கேட்டதேயில்லை. கேட்டது சட்டம்.

என் பாட்டனார் பழைய திருச்சி மாவட்டத்து முசிறிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிற் பிறந்தவர். சிறு பிள்ளையாயிருக்கையில் பெற்றோருடன் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனார். அக்காலத்தில் தோட்டத்துக்குச் செல்லும் தொழிலாளர்களை மண்டபம் முகாமில் தங்க வைத்து, நோய்ச் சோதனை செய்த பிறகே கப்பலேற்றுவார்கள். அந்த முகாமை நடத்தியது இலங்கை அரசு. என் தந்தையார் 1952-ஆம் ஆண்டு பதுளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் லயத்திற் பிறந்தார். லயம் என்றால் மாணவர்கள் அறியமாட்டீர்கள். ஒரே கூரையின்கீழ் வரிசையாக அமைந்த ஒற்றை அறை வீடுகள் அவை.

அவர் பிறக்கும்போதே நாடற்றவராய்ப் பிறந்தார். இலங்கை விடுதலை பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே அந்நாட்டுப் பாராளுமன்றம் ஒரு குடியுரிமைச் சட்டம் இயற்றிற்று. இலங்கையிற் பிறந்தால் மட்டும் போதாது. உன் தந்தையும் இங்கே பிறந்தவர் என்று காட்டு, இல்லையேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டு என்றது அச்சட்டம். தோட்டத் தொழிலாளியிடம் பூட்டனின் பிறப்புச் சான்றுக்கு எங்கே போவது? இலட்சக்கணக்கான மக்கள் ஒரே நாளில் எந்த நாட்டுக்கும் உரியர் அல்லாதவராயினர். 1949-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு வாயிலைத் திறந்ததெனினும், அதன் வழியே நுழைந்தவர் சிலரே.

பின்னர் 1964-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் நம் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி அவர்களும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கா அம்மையாரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று பகிர்ந்துகொண்டனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இந்திரா காந்தி அம்மையார் காலத்தில் சரிபாதியாகப் பங்கிட்டனர். பாகப்பிரிவினையில் பாத்திரம் பண்டங்களைப் பிரிப்பதுபோல் மனிதரைப் பிரித்த அந்தக் கணக்கை, கணக்கெழுதும் தொழிலிலுள்ள நான் படிக்கும்போதெல்லாம் ஒரு கணம் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறேன்.

பாட்டனார் 1969-இல் இந்தியப் பிரஜாவுரிமைக்கு மனுச் செய்தார். மலையகத்தில் இன்றும் பிரஜாவுரிமை என்ற சொல்லையே ஆள்வார்கள். அம்மனுவுக்கு விடை வருமுன்பே அவர் காலமானார். மனுவின் இரசீது 1977-ஆம் ஆண்டுக் கலவரத்தில் லயத்தோடு எரிந்து போயிற்று. குடும்பம் வவுனியாவுக்குப் பெயர்ந்தது. 1983 ஜூலைக்குப் பின் அங்கும் இருக்க முடியவில்லை. 1984-இல் என் தந்தையாரும் தாயாரும் மன்னார்க் கரையிலிருந்து தோணியேறி இராமேசுவரம் வந்து சேர்ந்தனர். கரையிலேயே அதிகாரிகள் அவர்கள் பெயரை எழுதிக்கொண்டு மண்டபம் முகாமுக்கு அனுப்பினர். ஆம், பாட்டனார் கப்பலேறிய அதே மண்டபம் முகாம்! 1986 நவம்பரில் நான் அங்கே பிறந்தேன். சில ஆண்டுகளுக்குப் பின் எங்களைப் பவானிசாகர் முகாமுக்கு மாற்றினார்கள். என் தங்கை 1989-இல் பிறந்தவள்.

இந்த இரண்டு ஆண்டுகளை, 1986, 1989 என்னும் இவ்விரண்டையும், மாணவர்கள் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் நாட்டுக் குடியுரிமைச் சட்டம் 1955-ஆம் ஆண்டு இயற்றப்பெற்றது. 1950 சனவரி 26 முதல் இந்திய மண்ணிற் பிறந்த எவரும் பிறப்பினாலேயே இந்தியர் என்று அது கூறிற்று. பெற்றோர் யார் என்று கேட்கவில்லை. 1986-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தப் பெருந்தன்மைக்கு ஓர் எல்லைக்கோடு கீறியது. 1987 சூலை 1-ஆம் நாளும் அதற்குப் பின்னும் பிறந்தவரெனில், பெற்றோருள் ஒருவரேனும் இந்தியக் குடிமகனாய் இருத்தல் வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் மற்றொரு கோடு: ஒருவர் இந்தியராய் இருந்தால் போதாது, மற்றவர் சட்டத்துக்குப் புறம்பாகக் குடியேறியவராகவும் இருத்தல் கூடாது.

இக்கோடுகள் எங்கள் வீட்டுக் கூடத்தின் நடுவே செல்கின்றன. நான் இந்தியன். ஒரே தாய் வயிற்றிற் பிறந்த என் தங்கை இந்தியள் அல்லள். இவ்வூர்ப் பெண்ணை மணந்த எனக்குப் பிறந்த மகன் இந்தியன். அவனைத் தூக்கி வளர்த்த பாட்டனும் பாட்டியும் அயலார்.

நான் இந்தியன் என்பதும் எனக்கு நெடுநாள் தெரியாது. அகதி அட்டையோடுதான் வளர்ந்தேன். 1986-இல் மண்டபம் முகாமிற் பிறந்த பெண்மணி ஒருவர் கடவுச்சீட்டுக் கேட்டு நீதிமன்றம் சென்றார். 2022 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அவர் பிறப்பினாலேயே இந்தியக் குடிமகள் என்று ஏற்று அவருக்குக் கடவுச்சீட்டு வழங்கப் பணித்தது. 2024-ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் அவர் திருச்சியில் வாக்களித்தார். அத்தீர்ப்பின் நகலை இணைத்தே நானும் விண்ணப்பித்துப் பெற்றேன். கடவுச்சீட்டு அஞ்சலில் வந்த அன்று தாயார் அதனைச் சாமி படத்தின் முன்வைத்துத் திருநீறு பூசினார். தந்தையார் அதை விரித்து என் படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. 'இனி நான் இவர்களுக்கும் வாங்கித் தருவேன்' என்று அன்று எண்ணினேன்.

அவ்வாறு எண்ணுவதற்கு ஒரு காரணமும் இருந்தது. எங்கள் முதலாளியின் உறவினர் ஒருவருடைய மகள் அமெரிக்காவில் குடியுரிமை பெற்றவர். அவர் தம் பெற்றோரை அங்கே நிரந்தரவாசிகளாக்க விரும்பினார். அதற்குரிய காகிதங்களைத் திரட்டி, பிறப்புச் சான்று, திருமணச் சான்று முதலியவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்தெழுதும் பணி என்னிடம் வந்தது. அப்பொழுதுதான் அந்நாட்டுச் சட்டத்தை அறிந்துகொண்டேன். அமெரிக்கக் குடிமகனாகிய பிள்ளை, 21 வயது நிரம்பியவனாயின், தன் தாய் தந்தையருக்காக மனுச் செய்யலாம். ஆண்டுக்கு இத்தனை பேர்தாம் என்ற வரம்பு அவர்களுக்கு இல்லை. 1965-ஆம் ஆண்டுச் சட்டம், கணவன் மனைவியையும் சிறு பிள்ளைகளையும் போலப் பெற்றோரையும் உடனடி உறவினர் என்று கொண்டது. ஆயினும் பிள்ளை கைவீசிக்கொண்டு வரவேற்றுவிட முடியாது. தன் வருமானம் வறுமைக் கோட்டளவில் நூற்றுக்கு நூற்றிருபத்தைந்து பங்கேனும் உண்டு என்று காட்டி, பெற்றோரைத் தாங்குவேன் என்று சட்டப்படி பிணைமுறி எழுதித் தரவேண்டும். அந்தப் பெரியவர் ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் பச்சை அட்டை பெற்றுச் சென்றார். எட்டு மாதங்களில் அவிநாசிச் சாலைக்கே திரும்பி வந்து, 'பேச ஆளில்லையப்பா' என்றது வேறு கதை.

பிற நாடுகளிலும் இவ்வழி உண்டு, அகலந்தான் வேறு. கனடாவில் பிள்ளை மூன்றாண்டு வருமானத்தைக் காட்டி, இருபதாண்டுக் காலம் பெற்றோரைத் தாங்குவதாக ஒப்பந்தம் எழுத வேண்டும். மனுச் செய்யும் வாய்ப்பே குலுக்கலில் வருவது. பிரிட்டன் 2012-இல் வாயிலை ஏறக்குறைய மூடிவிட்டது. குளிக்கவும் உடுக்கவும் பிறர் துணை வேண்டிய நிலையில் பெற்றோர் இருக்கவேண்டும். அத்துணை அவர்தம் நாட்டில் கிடைக்கவும் கூடாது. வழி குறுகலாயினும், 'மகன்' என்று எழுத ஒரு கட்டமாவது அந்நாட்டுப் படிவங்களில் இருக்கிறது.

நம் சட்டத்தில் உறவு எத்திசையிற் செல்கிறது என்பதைக் கூர்ந்து நோக்கினேன். தந்தை குடிமகனாயின் அவருடைய சிறு பிள்ளையைப் பதிவு செய்யலாம். பெற்றோர் இருவரும் குடிமக்களாகப் பதிவு பெற்றால் வளர்ந்த பிள்ளையும் பதிவு கேட்கலாம். கணவன் குடிமகனாயின், ஏழாண்டு இங்கே வாழ்ந்த மனைவி கேட்கலாம். எல்லாம் மேலிருந்து கீழே, அல்லது பக்கவாட்டில். பிள்ளையிடமிருந்து பெற்றோருக்கு மேல்நோக்கிச் செல்லும் பிரிவு ஒன்றுகூட இல்லை. இலங்கையில் என் தந்தையாரிடம், 'உன் தந்தையின் பிறப்பைக் காட்டு' என்றார்கள், காட்ட முடியவில்லை. இங்கே அவர் தம் மகனின் பிறப்பைக் காட்டுகிறார், அது செல்லவில்லை.

இதற்கு நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். குழந்தை இங்கே பிறந்துவிட்டது என்ற ஒன்றைக் கொண்டே பெற்றோருக்கும் உரிமை கொடுத்தால், எல்லை என்பது பிள்ளைப்பேற்று மனையின் வாசலுக்கு வந்துவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. 1986-ஆம் ஆண்டுத் திருத்தமும் இத்தகைய அச்சத்தினின்றும் பிறந்ததே. அமெரிக்கர் இவ்வச்சத்துக்கு 21 வயது என்னும் விடை கண்டனர். இருபத்தோராண்டு காத்திருக்கத் துணிந்து எவரும் எல்லை கடப்பதில்லை அல்லவா? இன்னொன்றையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். எல்லையிற் சோதனைக்கு உட்படாமல் நுழைந்த பெற்றோருக்கு, மகன் குடிமகனாயிருந்தும், அமெரிக்காவிலும் வழி எளிதன்று. என் பெற்றோர் தோணியில் வந்தவர்கள். கடவுச்சீட்டின்றி நுழைந்த அயல்நாட்டவர் சட்டவிரோதக் குடியேறி என்பது நம் சட்டத்தின் இலக்கணம். இலங்கையில் இந்தியத் தமிழரைக் 'கள்ளத்தோணி' என்று ஏசுவார்கள். அந்த ஏச்சைக் கேட்டு வளர்ந்த தந்தையார், இங்கே உண்மையாகவே தோணியில் வந்து, அதே பொருளுள்ள பெயரைச் சட்டத் தமிழிற் கேட்டுக்கொண்டார்.

ஆனால் மகனுடைய பிணையை என் தந்தையாரும் விரும்பவில்லை என்பதுதான் நான் எதிர்பாராதது. அலுவலகத்திலிருந்து திரும்பும்போது பேருந்தில் அவர் சொன்னார்: "தம்பி, நீ கொடுத்து வாங்கிக்கொள்ள நான் வேற்று ஆள் இல்லை. எங்கப்பா முசிறிக்காரர். அவர் பிறந்த ஊரு எனக்குக் கொடுக்கட்டும்."

அவர் கூற்றில் சட்டமும் இருக்கிறது. தானாவது, தன் பெற்றோருள் ஒருவராவது பிரிவுபடாத இந்தியாவிற் பிறந்திருந்தால் அவர் இந்திய வம்சாவளியினர். ஏழாண்டு இங்கே வாழ்ந்தவராயின் பதிவு கேட்கலாம். என் தந்தையார் நாற்பதாண்டுக்கு மேல் வாழ்ந்துவிட்டார். ஆகவே இருவரும் பாட்டனாரைத் தேடிப் போனோம். பழைய கிராமப் பிறப்புப் பதிவேட்டில் 1924-ஆம் ஆண்டுப் பக்கம் ஒன்று கிடைத்தது. தகப்பன் பெயர் இருக்கிறது, எங்கள் பூட்டனார் பெயர்தான். தெருவின் பெயர் இருக்கிறது. குழந்தையின் பெயருக்குரிய இடத்தில் 'ஆண்' என்று மட்டும் எழுதியிருக்கிறது. அக்காலத்தில் பெயரிடுமுன்பே பதிந்துவிடுவது வழக்கம். தந்தையார் அந்த ஒற்றைச் சொல்லின்மேல் விரலை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். நகல் பெற்றுவந்து, மாவட்ட ஆட்சியர் வழியாக நடுவண் அரசுக்கு மனு அனுப்பினோம்.

இத்தகைய மனுக்களுக்கு ஊன்றுகோலாக ஒரு தீர்ப்பு உண்டு. இந்திய வம்சாவளியினராகிய அகதிகள் 65 பேர் தொடுத்த வழக்கில், 2019 சூனில் மதுரைக் கிளையின் நீதியரசர் ஜி. ஆர். சுவாமிநாதன் அவர்கள், இவர்களுடைய மனுக்களை நடுவண் அரசு பரிசீலிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார். அதே ஆண்டு இறுதியில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்னும் மூன்று நாடுகளைக் குறித்தது. அதில் இலங்கை இல்லை. 2025 செப்டம்பரில் நடுவண் உள்துறை அமைச்சகம், 2015 சனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழரைக் கடவுச்சீட்டு இன்மைக்காகத் தண்டிப்பதிலிருந்து விலக்கியது. தண்டனை இல்லை என்பது ஆறுதலே. உரிமை உண்டு என்பது வேறு. தமிழ்நாட்டு முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இடையில் வாழ்கின்றனர்.

இலங்கை அரசும் 2003-இல் சட்டம் இயற்றி, 2009-இல் திருத்தி, இங்கு வந்துவிட்ட வம்சாவளியினரும் அந்நாட்டுப் பிரஜையாக வழி செய்தது. அதைத் தந்தையாரிடம் சொன்னேன். "எரிஞ்ச லயத்துக்கா?" என்று கேட்டார். அத்தோடு விட்டேன்.

எனக்குள்ள கவலை தாயாரைப் பற்றியது. அவருடைய தாய் தந்தையர் இருவரும் இலங்கையிற் பிறந்தவர்கள். ஆகவே அவர் சட்டத்தின் கண்ணில் வம்சாவளியினர் அல்லர். அவருக்குள்ள ஒரே வாயில், குடிமகனின் மனைவி என்பது. தந்தையாருக்குச் சான்றிதழ் வந்தால் மறுநாளே தாயார் கேட்கலாம். தந்தையாருக்கு இப்பொழுது இரண்டு முறை நெஞ்சுவலி வந்துவிட்டது. சான்றிதழ் வருமுன் அவருக்கு ஏதேனும் நேர்ந்தால், தாயாருக்கு அந்த வாயிலும் அடைபடும். பிறகு இவ்வுலகில் அவருக்கு எஞ்சும் உறவு, ஓர் இந்தியக் குடிமகனுக்குத் தாய் என்பது ஒன்றே. அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

தந்தையாரிடம் இதை எப்படிச் சொல்வது? 'உங்கள் தன்மானம் எனக்குத் தெரியும். ஆனாலும் அம்மாவுக்காகப் பிள்ளையின் பிணை வேண்டும் என்று நாமும் கேட்போம்' என்று சொல்ல எனக்கு ஆறு மாதம் ஆயிற்று. சொன்ன அன்று அவர் பதில் சொல்லவில்லை. மறுநாட் காலையில், நான் எழுதிக்கொண்டிருந்த மனுவின் கீழே, தாயாரின் பெயருக்கு எதிரே, 'இவருடைய மகன் இந்தியக் குடிமகன்' என்று தாமே தம் கோணல் எழுத்தில் எழுதி வைத்திருந்தார். கேட்கப்படாத விவரம் அது. எழுத இடமின்றி ஓரத்தில் எழுதியிருந்தார்.

முகாமிற் பதிவுள்ளவர்கள் தணிக்கை நாளன்று நேரில் இருந்து பெயர் கொடுக்க வேண்டும். இம்மாதத் தணிக்கை வரும் ஞாயிற்றுக்கிழமை. என் வீட்டில் சில நாள் தங்குவதற்கு அனுமதி பெற்று வந்திருக்கும் இருவரும் சனிக்கிழமை மாலையே புறப்பட வேண்டும். அவிநாசி, புளியம்பட்டி வழியாகப் பவானிசாகர் செல்லும் பேருந்தில் கூட்டம் மிகும். பேரன் தானும் வருவேன் என்று அடம் பிடிக்கிறான். அவனையும் அழைத்துக்கொண்டு நான் உடன் செல்கிறேன்.